கடிதம் எழுதக்கூட அனுமதி கேட்க வேண்டும்

ஆப்பிரிக்காவை ஐரோப்பியர்கள் பங்குபோட்ட கதையை நாம் பெரும்பாலும் பெர்லின் மாநாட்டு மேசையோடு நிறுத்திவிடுகிறோம். என்னை உறுத்துவது வேறொரு காகிதம்.

1884 செப்டம்பர் 10 அன்று, இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் உள்ள பழைய கலபாரின் அரசர்களும் தலைவர்களும் பிரிட்டனுடன் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அவர்களுக்கு மகாராணியின் பாதுகாப்பு உண்டு. பதிலுக்கு, பிரிட்டனின் அனுமதி இல்லாமல் வேறு எந்த நாட்டுடனும் கடிதப் போக்குவரத்துகூட வைத்துக்கொள்ளக் கூடாது.

1913 மார்ச் 11 அன்று அதே பிரிட்டன் ஜெர்மனியுடன் உட்கார்ந்து எல்லைக்கோடு போட்டது. கலபாருக்குச் சேர்ந்தது என்று பின்னாளில் நைஜீரியா வாதிட்ட பகாசி தீபகற்பம் ஜெர்மனியின் கேமரூன் பக்கம் போனது. கலபார் தலைவர்களின் சம்மதம் அதற்குத் தேவைப்படவில்லை. பகாசி மக்கள் கிராஸ் ஆற்று முகத்துவாரத்தில் முன்போலவே மீன் பிடிக்கலாம் என்று மட்டும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒருவரின் வீட்டை விற்றுவிட்டு, கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம் என்று அவரிடமே சொன்ன பெருந்தன்மை!

இதற்குச் சற்று முன்பு, 1911இல், மொராக்கோவில் தன் ஆதிக்கத்துக்குக் குறுக்கீடு வராதிருக்க பிரான்ஸ் தன் வசமிருந்த காங்கோவிலிருந்து சுமார் 2,75,000 சதுர கிலோமீட்டரை ஜெர்மனிக்குக் கொடுத்திருந்தது. காங்கோ படுகையின் நிலை இனி மாறினால் பெர்லின் மாநாட்டில் கையெழுத்திட்ட நாடுகளோடு கலந்துபேச வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். கலந்துபேச வேண்டியவர்களில் காங்கோக்காரர் ஒருவர்கூட இல்லை.

பழங்கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் பகாசி யாருக்கு என்று கேமரூனும் நைஜீரியாவும் மோதிய வழக்கில், 2002 அக்டோபர் 10 அன்று சர்வதேச நீதிமன்றமும் அதே தடத்தில்தான் நடந்தது. தனக்குச் சொந்தமில்லாததை பிரிட்டன் எப்படிக் கொடுத்தது என்று நைஜீரியா கேட்டது. அந்த வட்டாரத்து ஆட்சியாளர்கள் அரசுகளாகக் கருதப்படவில்லை, 1884 உடன்படிக்கை பிரிட்டனின் கையைக் கட்டவில்லை என்றது நீதிமன்றம். 13க்கு 3 வாக்குகளில் பகாசி கேமரூனுக்கு.

முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆப்பிரிக்காவின் எல்லைகளை எல்லாம் மறுபடி கிளறினால் எவ்வளவு ரத்தம் சிந்தும் என்பது அந்த நாடுகளுக்கே தெரியும்; 1964இல் கெய்ரோவில் கூடி, விடுதலையின்போது இருந்த எல்லைகளையே மதிப்போம் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். அந்தக் காரணம் ஒன்றே போதும். அரசர்களை அரசர்கள் இல்லை என்று சொல்லித்தானா தீர்ப்பு எழுத வேண்டும்? பெரும்பான்மையோடு வாக்களித்த ஜோர்டான் நீதிபதி அல்-கசாவ்னேவுக்கே அந்த வாதம் ஒப்பவில்லை.

2006 ஆகஸ்ட் 14 அன்று பகாசியின் ஆர்ச்சிபாங்கில் நைஜீரியக் கொடியை இறக்கி கேமரூன் கொடியை ஏற்றினார்கள். பகாசியில் அப்போது வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் நைஜீரிய மீனவர்கள். அவர்களிடம் அப்போதும் எவரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.