தொட்ட தண்ணீர்

ஞாயிறு ஆராதனையில் “உபத்திரவப்படும் சபைகளுக்காக ஜெபிப்போம்” என்று ஒரு வரி வரும். ஆமென் சொல்லிவிட்டு அடுத்த ஜெபக்குறிப்புக்குப் போய்விடுவோம். எந்த ஊர், யார், எதனால் என்று எதுவும் தெரியாமல் எத்தனை வருடம் ஆமென் சொல்லியிருக்கிறேன்! அந்த வரிக்குள் எனக்கு முதலில் தெரிந்த முகம் ஆசியா பீபியுடையது.

பாகிஸ்தான் பஞ்சாபில், ஷேக்குபுரா பக்கம் ஒரு கிராமம். 2009 ஜூன் வெயிலில் ஃபால்ஸா பழம் பறிக்கும் கூலி வேலை. ஆசியா தண்ணீர் கொண்டுவருகிறார். கூட வேலை செய்த பெண்களில் சிலர், கிறிஸ்தவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்கிறார்கள். வாய்ச்சண்டை. அவ்வளவுதான். ஐந்து நாள் கழித்து, அந்தத் தோட்டத்தில் இல்லவே இல்லாத உள்ளூர் மதகுரு ஒருவர் கொடுத்த புகாரில் வழக்குப் பதிவாகிறது. நபியை இழிவுபடுத்தினாராம். சட்டப்பிரிவு 295-சி. அதற்குத் தண்டனை மரணம். 2010 நவம்பரில் தூக்கு என்று தீர்ப்பும் வந்துவிட்டது.

தொட்ட தண்ணீர்! இதை மதச் சண்டை என்று மட்டும் நம்மால் எப்படிப் படிக்க முடியும்? பஞ்சாபிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர், துப்புரவு வேலையில் தள்ளப்பட்ட சூஹ்ரா சாதியிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் மதம் மாறியவர்களின் வழிவந்தவர்கள். அந்தச் சாதிப் பெயர் அங்கே இன்றும் வசைச்சொல். துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அரசு நிறுவனங்களே விளம்பரம் கொடுத்திருக்கின்றன. ஞானஸ்நானம் வாங்கியும் சாதி விடவில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்ட சபைகளும் நம்மிடம்தானே இருக்கின்றன.

இந்தச் செய்திகளைப் பகிரும்போதெல்லாம் “அவர்களே அப்படித்தான்” என்று ஒரு சமூகத்தையே திட்டுகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: ஆசியாவைச் சிறையில் போய்ப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து நிருபர்களிடம் பேசியவர் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர். முஸ்லிம். 2011 ஜனவரி 4 அன்று அவருடைய சொந்தப் பாதுகாவலனே அவரைச் சுட்டுக் கொன்றான். கொன்றவன்மீது வழக்கறிஞர்கள் ரோஜா இதழ் தூவினார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்த சிறுபான்மையினர் துறை அமைச்சர் ஷாபாஸ் பட்டி, கத்தோலிக்கர், இரண்டே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்புறமும் அந்த வழக்கை எடுத்து வாதாடிய சைஃபுல் மலூக் முஸ்லிம்தான். 2018 அக்டோபர் 31 அன்று, சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்கிறார்கள் என்று விடுதலை செய்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் முஸ்லிம்களே. தீர்ப்புக்குப் பிறகு சாலைகள் முடக்கப்பட்டன, மலூக் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. ஆசியா 2019 மே மாதம் கனடா போய்ச் சேர்ந்தார்.

சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 16 அன்று அதே பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள ஜரன்வாலா என்ற ஊரில் குர்ஆன் பக்கங்கள் கிழிக்கப்பட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. பொழுது சாய்வதற்குள் வீடுகளும் தேவாலயங்களும் வரிசையாக எரிந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் இரவு முழுக்க அங்கேயே கிடந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் எங்கள் குருவானவரைப் பார்க்கப் போகிறேன். அந்த ஜெப வரியில் ஜரன்வாலா என்ற ஊர்ப் பெயரையும், சல்மான் தசீர் என்ற பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.