ஷெனண்டோவாவைக் கொஞ்சம் நடையோடு பாடுங்கப்பா

அமெரிக்கக் கல்லூரிக் கொயர்களை, அதாவது சேர்ந்து பாடும் குழுக்களை, யூடியூபில் கேட்கிற பழக்கம் இருந்தால் 'ஷெனண்டோவா' என்ற பழைய நாட்டுப்பாட்டு எப்படியும் காதில் விழுந்திருக்கும். கறுப்பு உடையில் பிள்ளைகள் மூன்று நான்கு வரிசையாக நிற்பார்கள், பியானோ கிடையாது, நடத்துனர் கையை மெல்லத் தூக்குவார், பாட்டு ஆரம்பிக்கும். அந்தக் காணொளிகளுக்குக் கீழே "நாட்டுப்பாட்டைத் துடைத்து மெருகேற்றிக் கொன்றுவிட்டார்கள்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் புகார் வேறு.

இந்தப் பாட்டின் பூர்வீகம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. மிசௌரி ஆற்றில் படகு தள்ளிய வியாபாரிகளிடமிருந்து 19ஆம் நூற்றாண்டில் கிளம்பி, மிசிசிப்பி வழியாகக் கடலுக்குப் போய், கப்பல் தொழிலாளிகளின் பாட்டாகிவிட்டது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. ஷெனண்டோவா என்ற ஆறு ஓடுவது வர்ஜீனியாவில். பாட்டு வரிகளில் வரும் மிசௌரியோ அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மேற்கே. ஒரே பாட்டில் இரண்டும் எப்படி வந்தன என்று கேட்டால், அது ஆறே இல்லை, ஒனைடா பழங்குடித் தலைவர் ஸ்கெனண்டோவாவின் பெயர், அவர் மகளைக் காதலித்த வியாபாரி பாடுகிறான் என்பார்கள். சில வடிவங்களில் அந்தக் கதை நேராகவே வருகிறது.

கப்பலில் இதைப் பாடியது நங்கூரத்தை ஏற்றும்போது. பெரிய உருளையில் கம்புகளைச் செருகி, ஆட்கள் சுற்றிச் சுற்றி நடந்து தள்ளுவார்கள். ஒருவன் ஒரு வரி எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் "உருண்டோடும் ஆறே" என்று பதில் போடுவார்கள். மறுபடி அவன் ஒரு வரி, மறுபடி இவர்கள். காலடிக்கு மேல்தான் பாட்டு.

கொயர்கள் அதிகம் பாடுவது ஜேம்ஸ் எர்ப் அமைத்த வடிவத்தை. ரிச்மண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். தன் மாணவர்கள் 1971இல் ஐரோப்பாவுக்குப் பாடப் போனபோது அவர்களுக்காக எழுதியது. ஆரம்பத்தில் அடக்கமாகத்தான் போகும். நடுவில் ஒரு இடம் வரும் பாருங்கள், உன்னைப் பார்த்து ஏழு வருஷம் ஆகிறது என்கிற சரணம். பெண் குரல்களில் ஒன்று மெட்டை எடுக்கும், அது முடிவதற்குள் இன்னொன்று அதே மெட்டோடு நுழையும், அதன் பின்னாலேயே அடுத்தது. கேனான் என்பது இதைத்தான். ஒருவன் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பதில் சொன்ன பாட்டில் இப்போது எல்லோருமே எடுத்துக் கொடுக்கிறார்கள், எல்லோருமே பதில் சொல்கிறார்கள். மெட்டில் பெரிதாகக் கை வைக்காமலே பாட்டுக்குள் ஆற்றைக் கொண்டுவந்துவிட்டார் மனுஷன். இதைப் போய் கொலை என்றால் எப்படி?

சரி, என் புகாருக்கு வருகிறேன். வேகம். பல கொயர்கள் இதைத் தாலாட்டு மாதிரி இழுக்கின்றன. அப்படி இழுக்க அவர்களால் முடிகிறது, அதுதான் வினையே. கொயரில் நீளமான வரியை உடையாமல் பிடிப்பதற்கு ஒரு வழி உண்டு: பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்கக் கூடாது. வார்த்தைக்கு நடுவில், உயிரெழுத்து நீளும் இடத்தில் சத்தமில்லாமல் விலகி, மூச்செடுத்து, மறுபடி உள்ளே வந்துவிட வேண்டும். நாற்பது பேர் ஆளுக்கொரு இடத்தில் இப்படிச் செய்தால் கேட்பவருக்கு மூச்சே தெரியாது. அப்புறம் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகலாமே! நங்கூரம் இழுத்தவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவன் தள்ளவும் வேண்டும், பாடவும் வேண்டும், வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்கியே ஆக வேண்டும்.

மெதுவாகப் பாடினால் சின்னத் தப்புகூட வெளியே தெரியும் என்பது வேறு விஷயம். மிசௌரிக்கு முன்னால் வரும் 'அக்ராஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முடிவிலுள்ள 'ஸ்' ஒலியை ஆளுக்கொரு நேரத்தில் போட்டால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி இருக்கும். நல்ல கொயரில் அது ஒரே ஒரு 'ஸ்' ஆகத்தான் கேட்கும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே உழைப்பை ஒரு நடை வேகத்தில் காட்டுங்கள் என்கிறேன். எர்பின் கேனான்கூட அப்போதுதான் உருளும். ரொம்ப இழுத்தால் அலை மேல் அலை வராது, குளம்தான் தேங்கி நிற்கும்.

இடையில் ஒரு வேடிக்கை. 2006இல் வர்ஜீனியா மாநிலம் இந்தப் பாட்டைத் தன் இடைக்கால மாநிலப் பாடலாக்கப் பார்த்தது. செனட் ஒப்புக்கொண்டது. ஆனால் பாட்டில் மிசௌரி இருக்கிறது, வர்ஜீனியா ஒரு இடத்தில்கூட இல்லையே என்ற பேச்சு எழுந்தது, மசோதாவும் தேறவில்லை. 2015இல் மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வர்ஜீனியாவைப் புகழ்ந்து புது வரிகள் எழுதி மாநிலப் பாடலாக்கிக்கொண்டார்கள். பாட்டைக் கெடுத்தது யார் என்று பஞ்சாயத்து வைப்பதானால் நான் முதலில் கூப்பிடுவது கொயர் பிள்ளைகளை அல்ல, இவர்களைத்தான்.

எர்ப் வடிவத்தைப் பாடிய ஆல்டோக்கள் (பெண் குரல்களில் கீழ்க்குரல் பாடுகிறவர்கள்) யாராவது நட்பு வட்டத்தில் இருந்தால் சொல்லுங்கள்: அந்தக் கேனானில் உங்கள் நுழைவை எண்ணிப் பிடித்தீர்களா, முன்னால் போகிற குரலைக் கேட்டுப் பிடித்தீர்களா?