ஏஆர் என்றால் ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இல்லை

நண்பரே, "ஏஆர்-15 என்ற துப்பாக்கியின் பெயரில் ஏஆர் என்றால் ஆட்டோமேட்டிக் ரைஃபிள், அமெரிக்காவில் அதை வாங்க 500 டாலர் இருந்தால் போதும், வேறு செலவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

ஏஆர் என்பது அதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. 1959-இல் அவர்கள் அந்த வடிவமைப்பை கோல்ட் (Colt) என்ற துப்பாக்கி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். கடையில் கிடைப்பது செமி ஆட்டோமேட்டிக். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். விசையைப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடும் முழு ஆட்டோமேட்டிக் வேறு கதை: 1986 மே 19-க்குப் பிறகு தயாரானவற்றைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது.

சரி, செலவுக்கு வருவோம். 500 டாலருக்குத் துப்பாக்கி கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் காசைத் தின்பது தோட்டா. ஒன்று அரை டாலர் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் சுட்டால் இன்னொரு 500 டாலர் போய்விடும். ஒழுங்காகப் பழக ஆயிரம் ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. அப்புறம் குறிநோக்கி, பூட்டுப் பெட்டி, பயிற்சிக் கட்டணம். கலிபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து 11 சதவீத மாநில வரி வேறு.

குறி பார்த்துப் பழகத்தான் ஆசை என்றால் 1964-இலிருந்து வரும் ரூகர் 10/22 என்ற துப்பாக்கி போதும் என்பேன். அதுவும் செமி ஆட்டோமேட்டிக்தான். அதன் சிறிய .22 ரகத் தோட்டா பல மடங்கு மலிவு, உதைப்பும் கிட்டத்தட்ட இல்லை. மான் வேட்டைக்கு மட்டும் ஆகாது.

வாங்கும் முன் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஏஆர்-15 விற்பனையே 2023-இல் தடை செய்யப்பட்டுவிட்டது.