பெட்டிக்கு ஒரு மாதம், கிராஸ்ஓவருக்கு ஒரு சாயங்காலம்

நண்பர் ஒருவர் தானே செய்த பிஏ பெட்டியின் (மேடை ஸ்பீக்கர்) படத்தை அனுப்பியிருந்தார். தாழ்ந்த ஒலிக்கு 15 இஞ்ச் ஊஃபர், மேலே உச்ச ஒலிக்கு ட்வீட்டராக ஒரு ஹார்ன். பெயின்ட், கைப்பிடி, மூலைக்கு மூலை இரும்பு எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. கூடவே, ஒலியை இந்த இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் ஃபில்டரைப் பற்றி ஒரு கேள்வி: "8 ஓம்ஸ், 2000 ஹெர்ட்ஸ். காயில், கெப்பாசிட்டர் வேல்யூ மட்டும் சொல்லுங்க."

வேல்யூ சொல்வதற்கென்ன! ஆக்டேவுக்கு 12 டெசிபல் இறங்கும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டர் என்றால் 1.27 மில்லிஹென்றி, 5 மைக்ரோஃபாரட். அரை நிமிஷக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறது. அந்த 8 ஓம்ஸ்தான்.

எந்த ஊஃபரும் எல்லா இடத்திலும் 8 ஓம்ஸ் காட்டாது. என் முதல் பெட்டியில் இருந்த 15 இஞ்ச், மீட்டர் வைத்தால் 5.5 ஓம்ஸ். ரெசொனன்ஸில், அதாவது கோன் தானாகவே அதிர விரும்பும் இடத்தில், 40-ஐத் தாண்டியது. 2000 ஹெர்ட்ஸில், வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் 14 பக்கம் வந்தது. 8-க்குக் கணக்குப் போட்ட ஃபில்டர் 14-ஐப் பார்த்தால், இறங்க வேண்டிய இடத்தில் ஊஃபர் இறங்காது. ஊஃபருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த சோபெல் என்ற சின்ன சர்க்யூட்டைப் போட்டால் இதை அடக்கலாம். எனக்கு 7 ஓம்ஸும் 20 மைக்ரோஃபாரடும் போதுமாக இருந்தது. உங்கள் ஊஃபருக்கு வேறு எண் வரும்.

அதைவிட என்னை அதிகம் அலையவைத்தது ஃபேஸ், அதாவது ஊஃபரின் அலையும் ட்வீட்டரின் அலையும் ஒன்றாகச் சேர்ந்து வருகிறதா என்பது. இந்த ஃபில்டருக்கு ட்வீட்டர் வயரைத் திருப்பிப் போட வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நானும் போட்டேன். பாட்டில் குரல் மட்டும் பானைக்குள் இருந்து வருவது போல இருந்தது. ஈக்யூவைத் திருகினேன், பெட்டிக்குள் இருந்த பஞ்சை மாற்றினேன், கடைசியில் பிளைவுட்டைக்கூடத் திட்டினேன். பல வாரம் கழித்து வெறுத்துப்போய் வயரை நேராக மாட்டினேன். குரல் முன்னால் வந்து நின்றது. காரணம் ரொம்பச் சாதாரணம்: ஹார்னின் நீளத்தால் அதன் டிரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்), ஊஃபரை விட 8, 9 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. 2000 ஹெர்ட்ஸில் அது அரை அலைநீளம். புத்தகம் இரண்டு டிரைவரும் ஒரே தளத்தில் இருப்பதாக நினைத்துச் சொல்கிறது. என் பெட்டிக்கு அது தெரியாதே.

அதனால் என் பிடிவாதம் இது: பெட்டியை முடித்து, டிரைவர்களை மாட்டி, மைக் வைத்து அளந்த பிறகுதான் கிராஸ்ஓவரைத் தொட வேண்டும். ஒரு மெஷர்மென்ட் மைக், அளக்க ரூம் ஈக்யூ விஸார்ட், கிராஸ்ஓவரை வடிவமைக்க விட்யூயிக்ஸ்கேட் (VituixCAD) இருந்தால் போதும். இரண்டு மென்பொருளும் இலவசம். சரி பார்க்க எளிய வழியும் உண்டு. வேண்டுமென்றே ட்வீட்டர் வயரை இப்போது இருப்பதற்கு எதிராகத் திருப்பி மாட்டி அளந்து பாருங்கள். கிராஸ்ஓவர் இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தால் ஃபேஸ் ஒத்துப்போகிறது. வழவழவென்று இருந்தால் இன்னும் வேலை பாக்கி.

15 இஞ்சுக்கு 2000 ஹெர்ட்ஸ் என்பதே எனக்கு ஒப்பவில்லை, அது வேறு விஷயம். அங்கே அலைநீளம் 17 சென்டிமீட்டர், கோன் அதைவிடப் பெரிது. ஒலி டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் போகும். ஓரத்தில் நிற்பவருக்கு வார்த்தை புரியாது. 12 இஞ்சோ, இன்னும் கீழே இறங்கத் தாங்கும் பெரிய கம்ப்ரெஷன் டிரைவரோ (ஹார்னின் பின்னால் மாட்டும் டிரைவர்) நல்லது.

ஹார்னின் சத்தத்தைக் குறைக்கப் போடும் எல்-பேடில் (இரண்டு ரெசிஸ்டர்கள்) கஞ்சத்தனம் வேண்டாம். 10 டெசிபல் குறைப்பது என்றால் அந்தப் பக்கம் போகும் பவரில் 90 சதவீதம் ரெசிஸ்டரில் சூடாகிறது. 8 ஓம்ஸ் டிரைவருக்குத் தொடரில் 5.5 ஓம்ஸ், இணையாக 3.7 ஓம்ஸ். ரெசிஸ்டர்களைப் பலகையில் ஒட்டாமல் கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

சப்ஊஃபருக்கு இதே மாதிரி காயில், கெப்பாசிட்டர் வைத்த பாஸிவ் கிராஸ்ஓவர் கேட்பவர்களிடம் நான் சண்டையே போடுவேன். 100 ஹெர்ட்ஸுக்கு 25 மில்லிஹென்றி காயில் வேண்டும். அதன் செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸே கணிசமான பவரைத் தின்றுவிடும். பக்கத்திலேயே ரெசொனன்ஸ் மலை வேறு இருப்பதால் எந்தக் கணக்கும் நிற்காது. தனி ஆம்ப், ஒலியை டிஜிட்டலில் பிரிக்கும் டிஎஸ்பி, அவ்வளவுதான்.

பாஸ் கிட்டார் பெட்டி செய்பவர்கள் ட்வீட்டரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். நாலு கம்பி பாஸின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டியில், அந்தப் போர்ட்டின் ட்யூனிங் ஹெர்ட்ஸுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. ஆம்புக்கு முன்னால் 35 ஹெர்ட்ஸ் பக்கம் அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டரை முதலில் போடுங்கள்.