அம்மாவின் கேஸ் மாத்திரை

அம்மாவின் டப்பாவில் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒன்று இருக்கும். பான்டோபிரசோல் 40 மி.கி., வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கேஸ் மாத்திரை. ஆறு வருஷத்துக்கு முன் முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதியபோது, வயிறு புண்ணாகாமல் இருக்கக் கூடவே எழுதியது. வலி மாத்திரை மூன்று வாரத்தில் முடிந்தது. இது முடியவேயில்லை. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துதான். ஆனால் கடையில் பெயரைச் சொன்னாலே அட்டையை எடுத்து நீட்டிவிடுவார்கள். இன்னும் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, மகனான நானும்தான்.

போன மாதம் பாதம் மதமதவென்று இருப்பதாக அம்மா சொன்னார். பரிசோதித்தால், ரத்தத்தில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. சாப்பாட்டில் இருக்கும் பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும். அம்மா சுத்த சைவம் வேறு. இரண்டும் சேர்ந்துகொண்டது என்றார் மருத்துவர்.

சாப்பிட்ட முறையும் தப்பு. ராத்திரி இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போடுவார். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பிடும்போதுதான் மும்முரமாக வேலை செய்யும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்கிறார்கள். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆறு வருஷத்தில் அந்த அரை நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நடுவில் ஒருமுறை அம்மாவே நிறுத்திப் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் தொண்டை வரை கரித்துக்கொண்டு வந்ததாம். பயந்துபோய் மறுபடி ஆரம்பித்துவிட்டார். நீண்ட நாள் அடக்கிவைத்த அமிலம், மருந்தை நிறுத்தியதும் கொஞ்ச நாள் கூடுதலாகச் சுரக்கும். அதை நோய் திரும்பிவிட்டதாக நினைத்துத்தான் பலர் வருஷக்கணக்கில் தொடர்கிறார்கள்.

எரிச்சலுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். கவலையும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பியபோது, ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு அவருக்கு நோபல் கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால் இரண்டு வார ஆன்டிபயாடிக் கூட்டுச் சிகிச்சையில் பெரும்பாலும் போய்விடும். பரிசோதிக்காமல் கேஸ் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் எரிச்சல் அடங்கும், கிருமி அங்கேயே இருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கும், ஆஸ்பிரின் போடும் பல இதய நோயாளிகளுக்கும் இது உயிர்காக்கும் மருந்து. மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டி, 'இது எதற்கு, எத்தனை நாளைக்கு' என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது பி12 ஊசி போடுகிறோம். மாத்திரை 20 ஆகி, ஒருநாள் விட்டு ஒருநாள். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கே முடிந்துவிடுகிறது. மதமதப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.