வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள்

நான்காம் படிவப் பிள்ளைகளிடம் இந்த வாரம் பள்ளியில் ஒரு பாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தலசீமியா இரத்தப் பரிசோதனைக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கும் பாரம். தலசீமியா என்பது பெற்றோரிடமிருந்து மரபணு வழியாகப் பிள்ளைக்கு வரும் ரத்த நோய். 2016லிருந்து மலேசியா முழுக்க நடப்பதுதான். நேற்று ராத்திரி எங்கள் பெற்றோர் வாட்சாப் குழுவில் ஒருவர், "இது மலாய்க்காரங்களுக்கும் சீனவங்களுக்கும் வர்ற நோய், நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு வீணா ஊசி?" என்று கேட்டிருந்தார். பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். குழுவில் பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மலேசியாவில் பதிவான தலசீமியா நோயாளிகளில் பெரும்பகுதி மலாய்க்காரர்கள். சபாவில் கடசான் டூசுன் மக்களிடம் இது மிக அதிகம். இந்தியர்கள் மிகக் குறைவு. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில் வரும் ஹீமோகுளோபின் ஈ என்ற மரபணு மாற்றத்தை எடுத்துக்கொண்டால், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றும் சேரும் பகுதியில் சில ஊர்களில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. நம் கிளந்தான் மலாய்க்காரர்களிடமும் ஒராங் அஸ்லி மக்களிடமும் நிறைய. தமிழ்நாட்டில் அபூர்வம். காரணம் மலேரியா. இந்த மரபணுவில் ஒன்றை மட்டும் சுமப்பவர்கள் மலேரியாவில் ஓரளவு தப்பிப் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்த மரபணு அந்த மண்ணில் தங்கிவிட்டது. ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1949லேயே தலசீமியாவைப் பற்றி இப்படி யோசித்துவிட்டார்.

சரி, இனி எங்கள் வீட்டுக் கதை.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே "ரத்தம் கம்மி". தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தபோதும் அதே பேச்சு, தோட்டத்தை உடைத்து பாடாங் செராயில் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சு. அம்மா முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகக் கொடுத்துப் பார்த்தார். ஒரு கிளினிக்கில் வருஷக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வயிறு கட்டிக்கொண்டதுதான் மிச்சம், ரத்தம் ஏறவே இல்லை. அவளுடைய சிவப்பணுக்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. "இந்தியப் பொண்ணு, இரும்புச்சத்து இல்லை" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

2011இல் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா தமிழர், அம்மா கெடா சயாம் குடும்பம். நல்ல மனிதர்கள். பையன் பிறந்து ஒன்றரை வயதில் வெளுத்துப் போனான். சாப்பாடு இறங்கவில்லை, வயிறு மட்டும் உப்பியது. மண்ணீரல் வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, ஹீமோகுளோபின் ஈயும், தலசீமியாவில் ஒரு வகையான பீட்டா தலசீமியாவும் சேர்ந்திருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்திலிருந்து சேரும் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும் என்பதால் அதை வெளியேற்ற வேறு மருந்து. முதல் சில வருஷம், வாரத்தில் ஐந்து ராத்திரி வயிற்றுத் தோலில் ஊசி செருகி, ஒரு சின்ன பம்ப் மெஷினோடுதான் தூங்கினான். அந்த மெஷினை மாட்டிக்கொள்ள சம்பந்தியம்மா பூப்போட்ட துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தார்.

அந்தச் சம்பந்தியம்மாவைத்தான் எங்கள் சொந்தக்காரர்கள் பேசினார்கள். "சயாம்காரி ரத்தம்", "சொந்தத்துல கட்டியிருந்தா இப்படி வந்திருக்குமா" என்று என் பெரியம்மா துக்க வீட்டில் பேசுவதுபோல் பேசினார். மாப்பிள்ளைக்கு அம்மா வழியில் வந்தது ஹீமோகுளோபின் ஈ. உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஐம்பது வயதிலும் பந்து விளையாடலாம். பையனைப் படுக்க வைத்ததில் பாதி எங்கள் வீட்டிலிருந்து போனது. என் தங்கை பீட்டா தலசீமியா கேரியர், அதாவது அந்த மரபணுவில் ஒன்றை மட்டும் சுமப்பவள். "ரத்தம் கம்மி" என்று இருபது வருஷம் பெயர் வைத்திருந்தோமே, அதுதான் இது.

பிறகு டாக்டர் சொல்லி குடும்பமே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். அம்மா கேரியர். அம்மாவின் தம்பி, என் மாமா, அவரும் கேரியர். மாமாவின் மகனும் கேரியர். தங்கைக்கு முறை மாப்பிள்ளை என்று அம்மா ரொம்ப நாள் மனதில் வைத்திருந்தது அவனைத்தான். பெரியம்மா சொன்னபடி சொந்தத்தில் கட்டியிருந்தால், பீட்டாவும் பீட்டாவும் சேர்ந்து பிள்ளைக்கு இதைவிடக் கடுமையான நோய் வந்திருக்கலாம். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

குழுவில் அப்படிக் கேட்டவருக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு இனத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் வேண்டும் என்று சுகாதார அமைச்சு திட்டம் போடுவதற்கு உதவும். உங்கள் மகளின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. "இந்தியர்" என்ற ஒரே கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி எல்லாரையும் போட்டுவிடுகிறோம். இந்தியா முழுவதற்கும் பீட்டா தலசீமியா கேரியர் சராசரி 3 முதல் 4 விழுக்காடு என்பார்கள், சிந்திகளிடமும் பஞ்சாபிகளிடமும் அதைவிட அதிகம். ஆனால் சொந்தத்தில் கட்டும்போது இந்தச் சராசரிக்கெல்லாம் அர்த்தமே இல்லை. நீங்கள் கேரியராக இருந்தால், உங்கள் அத்தை மகனோ மாமன் மகளோ அதே மரபணுவைச் சுமக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனையே கட்டினால் நாலில் ஒன்று. நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமே இந்துக்களுக்கு மட்டும் அக்காள் மகளைக் கட்ட விலக்குக் கொடுத்திருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுவதற்கு முன்னால் இரண்டு பேரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள் என்கிறேன்.

சில அம்மாக்கள் தனியாகச் சொன்ன பயமும் எனக்குத் தெரியும். பொண்ணு கேரியர் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் வருமா? கேரியர் என்பது நோயாளி இல்லை. என் அம்மா அந்த ரத்தத்தோடுதான் முப்பது வருஷம் பால்மரம் வெட்டினார், விடியற்காலை பெரட்டுக்கு, தோட்டத்தில் ஆள் எண்ணும் நேரத்துக்கு, ஒரு நாள் பிந்தியதில்லை. கேரியர், கேரியர் இல்லாதவரைக் கட்டினால் பிள்ளைக்கு இந்த நோய் வராது. பையன்களுக்கும் இதே கணக்குதான், ஆனால் பையன் வீட்டில் யாரும் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அது எனக்குக் கோபமாக வருகிறது.

வீட்டில் யாருக்காவது ரத்தம் கம்மி என்று மாத்திரை ஓடிக்கொண்டே இருந்து, ரத்தம் ஏறாமலே இருந்தால், அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரிடமோ மிஸ்ஸியிடமோ (நர்ஸ்) தலசீமியா டெஸ்ட் எடுக்கலாமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்காதீர்கள்.

தங்கை மகன் இப்போது மாத்திரைக்கு மாறிவிட்டான், பம்ப் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவனுக்கு ரத்தம் ஏற்றும் நாள், இந்த முறை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். பள்ளிப் பாரம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கைக்குப் போக வேண்டும். அதில் எங்கே கையெழுத்து, எங்கே ஐசி நம்பர் என்று புரியாதவர்கள் எனக்கு எந்த நேரமும் போன் அடிக்கலாம்.