ரிசர்வ் வங்கி பெரிய வங்கிகளின் சொத்தா?

மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ரிசர்வ் வங்கியின் பங்குகள் பெரிய தனியார் வங்கிகள் கையில். விதி எழுதுவதும் அவர்கள்தான்."

தவறு. 1935-இல் தொடங்கியபோது தனியார் பங்குதாரர்கள் இருந்தார்கள். 1949 ஜனவரி 1 அன்று அது தேசியமயமானது. அன்றிலிருந்து முழுப் பங்கும் மத்திய அரசிடம்தான். ஆளுநரை நியமிப்பதும் அரசே. அமெரிக்காவில்தான், அந்நாட்டு மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் வட்டார வங்கிகளின் பங்குகளை உறுப்பு வங்கிகள் வைத்திருக்கின்றன. அந்தக் கதையை யாரோ மும்பை ஃபோர்ட் பகுதியில் உள்ள நம் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின்மேல் ஒட்டிவிட்டார்கள்.

சரி, பெரிய வங்கிகளுக்குச் செல்வாக்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு வழியில். மொபைல், இணையம் வழியாகச் சட்டென்று வெளியேறக்கூடிய தனிநபர், சிறு வணிகர் டெபாசிட்டுகளுக்கு ஈடாக, உடனே பணமாக்கக்கூடிய பாதுகாப்பான சொத்துகளை வங்கிகள் கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு வரைவு வெளியிட்டது. நெருக்கடி வந்தால் அந்த டெபாசிட்டுகளில் எவ்வளவு வெளியேறும் என்ற கணக்கில் கூடுதலாக 5 சதவீதம் சேர்க்கச் சொன்னது. கடன் கொடுக்கப் பணம் குறையும் என்று வங்கிகள் முறையிட்டன. 2025 ஏப்ரலில் வந்த இறுதி விதியில் அது 2.5 சதவீதம், அமலும் 2026 ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போனது. வங்கிகள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, பாதிக்குப் பாதி கிடைத்தது என்றே நான் சொல்வேன். வரைவு, இறுதி விதி இரண்டுமே ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ளன. அனுப்பியவருக்கு அவற்றையே அனுப்புங்கள்.